ஓடாத வண்டிக்கு மணல் நிரப்பியவர்

எங்கள் குலதெய்வத்தை நினைத்து எழுதத் தொடங்குகிறேன். அண்ணன் போய் ஒரு வருஷம் நிறையும் இந்த நாளில், வேலைவெட்டியை விட்டுவிட்டு வந்து இந்தச் சிறு புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் வணக்கம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளை என் மகள் வள்ளி திருத்தியிருக்கிறாள். விஷயத்தில் பிழை இருந்தால் அது என்னுடையது. இருக்காது.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. லாரியில் கிளீனராக ஏறியவன் நான். இன்று பாலக்கரையில் எனக்குச் சொந்தமாக மூன்று லாரிகள், வாய்க்கால் ஓரம் வரைக்கும் போகிற ஷெட், என்னை நம்பிச் சாப்பிடுகிற பதினைந்து குடும்பங்கள். யாரிடமும் கைநீட்டாமல் சம்பாதித்தேன். மலைப்பாதையில் பிரேக் போன லாரியைத் தனியாளாக இறக்கியிருக்கிறேன். பயம் என்றால் என்ன என்று கேட்டவன். அப்படிப்பட்டவன் இதை எழுதப் பயப்படுகிறேன். அந்தப் பயம் இன்று நேற்று வந்ததல்ல. அண்ணனுடைய டிராம் வண்டி என் ஷெட்டுக்குள் நுழைந்த நாளிலேயே வந்துவிட்டது.

அண்ணன் பிறந்தது முசிறிக்குப் பக்கத்தில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூரில். நானும் அங்கேதான் பிறந்தேன். அப்பா எங்களைச் சின்ன வயதிலேயே விட்டுவிட்டுப் போனார். அம்மா வாழைநார் கிழித்து எங்களை வளர்த்தார். மீசை முளைக்கும் முன்பே அண்ணன் பட்டணத்துக்குப் போய், டிராம் கம்பெனியில் கண்டக்டராகச் சேர்ந்து, பிறகு டிரைவரானார். மாதாமாதம் தவறாமல் பணம் அனுப்பினார். அந்தப் பணத்தில் நான் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை, லாரிக்கு ஓடிவிட்டேன். அதற்காக அவர் ஒரு வார்த்தை கடிந்ததில்லை.

பட்டணத்தில் டிராம் நின்றுபோன வருஷம், அண்ணன் அண்ணியோடு ஸ்ரீரங்கத்துக்கு வந்து அம்மாமண்டபம் ரோட்டில் வீடு பிடித்தார். வேலை போய்விட்டது. பிள்ளை இல்லை. இனி என்ன செய்யப்போகிறாரோ என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கையில் ஒரு நாள் வந்து, "தம்பி, உன் லாரி வேணும். பட்டணத்துலேருந்து ஒரு சாமான் ஏத்தணும்" என்றார். பீரோ, கட்டில் என்று நினைத்துப் போனேன். பழைய இரும்புக் கடை ஒன்றில், மழையில் நனைந்துகொண்டு ஒரு முழு டிராம் வண்டி நின்றது. மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டார்கள். கண்ணாடிகள் உடைந்திருந்தன. அண்ணன் அதை விலை பேசி முடித்திருந்தார்.

லாரியின் பின்பக்கத்தைக் கழற்றி, வண்டியின் உடலைத் தனியாகவும் சக்கரங்களையும் அடிச்சட்டத்தையும் தனியாகவும் இரண்டு நடையில் கொண்டுவந்தேன். ஒவ்வொரு வளைவிலும் கயிறு அறுந்துவிடுமோ என்று உயிர் போயிற்று. அண்ணன் முன் சீட்டில் உட்காரவே இல்லை. பின்னால், டிராமுக்குள்ளேயே நின்றுகொண்டு வந்தார். விழுப்புரம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது, கூட்டம் கூடி எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டது. "ஸ்ரீரங்கம்" என்றார் அண்ணன். ஒரு கிழவர் ஏறப் பார்த்தார்.

ஷெட்டில் தண்டவாளம் போட்டு அதன்மேல் வண்டியை ஏற்றினோம். என் ஷெட் எப்படிப்பட்டதென்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வாசல்பக்கம் மேடு. லாரி கழுவுகிற தண்ணீர் வடியட்டும் என்று தரையை வாய்க்காலை நோக்கிச் சரிவாக விட்டிருந்தேன். தண்டவாளமும் அந்தச் சரிவில்தான் போனது. அதன் கடைசியில் ஒரு மண்மேடு. மேட்டுக்கு அந்தப்பக்கம் வாய்க்கால். அண்ணன் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டைகள் கொடுத்து, கைப் பிரேக்கை இறுக்கிவிட்டு, "இனிமே இது நகராது" என்றார். எனக்கு என்னமோ அன்றைக்கே அந்தச் சரிவு பிடிக்கவில்லை.

எட்டு ஒன்பது வருஷம் அண்ணன் அந்த வண்டியைச் செப்பனிட்டார். தினமும் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் பாலம் தாண்டி வருவார். உளுத்த மரத்தை எடுத்துவிட்டுத் தேக்கு வைத்தார். பித்தளைச் சாமான்களை, பக்கத்துப் பட்டறை காதர் பாய் வார்த்துக் கொடுத்தார். ஜாக்கி வைத்துத் தூக்கிய வண்டிக்கு அடியில் அண்ணன் படுத்துக்கொண்டு வேலை செய்வார். கால் இரண்டும் மட்டும் வெளியே தெரியும். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "அண்ணே" என்று கூப்பிடுவேன். கால் கட்டைவிரல் அசையும். அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வரும்.

வண்டியைவிட டிக்கெட் சாமான்கள்மேல் அவருக்குப் பிரியம் அதிகம். டிக்கெட் கட்டுகளைச் செருகி வைக்கிற மரப்பலகை, தோல் பை, டிக்கெட்டில் துளை போடுகிற பஞ்ச், எல்லாம் கம்பெனியில் கழித்துப்போட்டவை. பஞ்சின் ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது. ஒரு பழைய கடிகாரத்திலிருந்து ஸ்பிரிங் எடுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அழுத்தினால் 'ணிங்' என்று ஒரு சின்ன மணியோசை வரும். அந்தச் சத்தம் சரியாக வருவதற்கு அவர் எத்தனை நாள் பாடுபட்டார் என்று காதர் பாய்க்குத்தான் தெரியும்.

அண்ணன் ஒரு சட்டம் வைத்திருந்தார். டிக்கெட் இல்லாமல் யாரும் வண்டியில் கால் வைக்கக்கூடாது. காசு வாங்கமாட்டார், ஆனால் டிக்கெட் வாங்க வேண்டும். ஒரு முறை நான் அப்படியே ஏறினேன். அவர் படியில் குறுக்கே நின்றுகொண்டார்.

"அண்ணே, என் இடத்துல நிக்கிற வண்டிக்கு எனக்கே டிக்கெட்டா?"

"வண்டி உன் இடத்துல நிக்குது. நீ என் வண்டியில நிக்கிற. எடு கையை."

துளை போட்டுக் கொடுத்தார். காதர் பாய் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இன்னொரு பழக்கமும் உண்டு, அதுதான் இந்தக் கட்டுரை. டிராமில் டிரைவர் நிற்கிற இடத்துக்குக் கீழே ஒரு மணல் பெட்டி இருக்கும். காலால் ஒரு கட்டையை மிதித்தால், குழாய் வழியாகச் சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் மணல் கொட்டும். மழையில் சக்கரம் வழுக்கினால் பிடிப்பதற்காக. சரி, ஓடுகிற வண்டிக்கு அது வேண்டியதுதான். நம் வண்டி ஓடவே ஓடாது. அண்ணனோ அந்தப் பெட்டியையும் செப்பனிட்டு, மாதம் ஒரு தடவை பழைய மணலைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவார். காவிரியில் அள்ளிய மணலைச் சலித்து, ஈரம் துளியும் இல்லாமல் அண்ணியை வறுக்கச் சொல்வார். அண்ணி அதை எங்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

"ஊர்ல எல்லாரும் ஆத்துக்குப் போனா தலை முழுகிட்டு வருவாங்க. உங்க அண்ணன் மண்ணை மூட்டை கட்டிட்டு வர்றாரு. நான் வாணலியைப் போட்டு வறுத்துக்கிட்டு இருக்கேன். எதிர்வீட்டுப் பிள்ளை நேத்து வந்து, மாமி கடலை என்ன விலைங்கிறான்."

நானும் கிண்டல் செய்திருக்கிறேன். படுத்த மாட்டுக்கு எதற்கு லாடம் என்று கேட்டேன். அண்ணன் கோபிக்கவில்லை. "வண்டின்னா எல்லாம் வேலை செய்யணும் தம்பி. வேலை செய்யலைன்னா அது அலமாரி" என்றார்.

வேலை முழுவதும் முடிந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. என் ஷெட்டில் ஆயுத பூஜை என்றால் பாலக்கரையே வரும். லாரிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி நகர்த்துவோம். அதுவரையில் டிராமுக்கு எலுமிச்சம்பழம் வைக்க அண்ணன் சம்மதித்ததில்லை, நகராத வண்டிக்கு எதற்கென்று. அந்த வருஷம் அவரே வந்து, "கட்டையை எடுத்துட்டு ஒரு முழம் நகர்த்திப் பாப்போம் தம்பி. பழம் நசுங்குற அளவு" என்றார். பிரேக்கை முதல்நாள் இரண்டு தடவை சோதித்திருந்தார். குழந்தைகளைப் பயணிகளாக ஏற்றுவது என்றும், நான் கண்டக்டர், அவர் டிரைவர் என்றும் முடிவாயிற்று. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. திருச்சி ஜில்லாவில் யாரிடம் டிராம் இருக்கிறது?

பூஜையன்று எல்லாம் பளபளக்க வேண்டும் என்பது என் ஷெட்டின் வழக்கம். ஸ்பானர் முதல் கடப்பாரை வரையில் துடைத்து எண்ணெய் தடவுவார்கள். இரும்புக்கு எண்ணெய் தடவுவது தப்பென்று யார் சொல்வார்கள்? என் டிரைவர் சின்னையாவுக்கு அண்ணன்மேல் அளவுகடந்த மரியாதை. அண்ணன் வருவதற்குள் அவருக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று, தண்டவாளத்தைத் துரு போகத் தேய்த்து, முனையிலிருந்து முனைவரைக்கும் நல்லெண்ணெய் தடவினார். கைக்கு எட்டிய மட்டும் சக்கரங்களுக்கும் தடவினார். சாமி காரியம் என்று குளித்துவிட்டு வந்து தடவினார். அண்ணன் வந்ததும் பளபளப்பைப் பார்த்து, "யாருப்பா தேய்ச்சது, நல்லா இருக்கே" என்றார். எண்ணெய் என்று அவருக்குத் தெரியாது. மேலெல்லாம் பூவும் மாவிலையும் கிடந்தன. அவர் பாட்டுக்குப் போய் மணல் பெட்டியை நிரப்பினார். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

குழந்தைகள் ஏறினார்கள். என் மகள் வள்ளி முதல் ஆளாக ஜன்னல் ஓரம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, சமயபுரத்தில் மண்சோறு சாப்பிட்டுப் பெற்ற பிள்ளை. வேறு பிள்ளை எங்களுக்கு இல்லை. நான் பையை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குழந்தைக்கும் டிக்கெட்டில் துளை போட்டுக் கொடுத்தேன். ணிங், ணிங் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பின்படிக்குப் போய் மணிக்கயிற்றை இரண்டு தரம் இழுத்தேன். இரண்டு மணி என்றால் போகலாம் என்று அர்த்தம்.

கட்டையை எடுத்தார்கள். அண்ணன் பிரேக்கைத் தளர்த்தினார். பழங்கள் நசுங்கின. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் பிரேக்கை இறுக்கினார்.

வண்டி நிற்கவில்லை.

முதலில் யாருக்கும் புரியவில்லை. கைதட்டல் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் திரும்பிப் பார்க்காமல், "தம்பி, பின் பிரேக்கைச் சுத்து" என்றார். டிராமுக்கு இரண்டு முனையிலும் பிரேக் உண்டு. நான் என் பலத்தையெல்லாம் போட்டுச் சுற்றினேன். படியில் தொங்கிக் கீழே பார்த்தேன். சக்கரம் சுற்றவில்லை. கெட்டியாகப் பிடித்து நிற்கிறது. ஆனால் தரை பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. என் வாழ்நாளில் நான் கண்ட பயங்கரம் அது ஒன்றுதான். லாரியில் பிரேக் போனால் சக்கரம் ஓடும், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. சக்கரம் நின்றுவிட்டது, வண்டி போகிறது. எதிரே மண்மேடு. மேட்டைத் தாண்டி வாய்க்காலில் ஐப்பசித் தண்ணீர் செங்காவி நிறத்தில் போய்க்கொண்டிருக்கிறது. ஜன்னல் ஓரத்தில் வள்ளியின் பின்னல் தெரிகிறது.

"பிரேக்கை விடு" என்றார் அண்ணன்.

அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"விடு தம்பி. விட்டாத்தான் நிக்கும்."

அவர் தன் பிரேக்கை முழுதாக விட்டுவிட்டார். வண்டி ஒரு குதி குதித்து வேகமெடுத்தது. அம்மாவின்மேல் ஆணையாகச் சொல்கிறேன், என் விரல்கள் அந்தக் கைப்பிடியை விட மறுத்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சக்கரங்கள் சுற்ற ஆரம்பித்தன. வழுக்குகிற சக்கரம் மணலைப் பிடிக்காது, சுற்றுகிற சக்கரம்தான் பிடிக்கும் என்று பிற்பாடுதான் எனக்கு விளங்கியது. அப்போது அண்ணன் மணல் கட்டையை மிதித்தார். வறுத்த மணல் குழாயில் சரசரவென்று இறங்குகிற சத்தம் கேட்டது. கீழே பற்களை நறநறவென்று கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். "இப்பச் சுத்து" என்றார். இருவரும் சுற்றினோம்.

வண்டி நின்றது. முன்சக்கரம் மண்மேட்டில் முட்டிக்கொண்டு நின்றது. எலுமிச்சம்பழ வாசனையும் சூடான இரும்பின் வாசனையும் சேர்ந்து அடித்தன. இன்றும் எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழம் நறுக்கினால் நான் வெளியே போய்விடுவேன்.

தாய்மார்கள் ஓடிவந்து அவரவர் குழந்தைகளை வாரிக்கொண்டு போனார்கள். நான் வள்ளியைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தடவி, கையைத் தடவி, திரும்பவும் தலையைத் தடவினேன். முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அண்ணன் என்னிடமிருந்த டிக்கெட் பலகையை வாங்கி மேலே மிச்சமிருந்த டிக்கெட்டின் நம்பரைப் பார்த்தார். ஏற்றுவதற்கு முன்னால் முதல் நம்பரை மனசில் வாங்கிக்கொள்வது கண்டக்டர் வேலையில் அவருக்குப் படிந்த பழக்கம். எத்தனை டிக்கெட் போயிருக்கிறதென்று கணக்குப் போட்டுவிட்டு, அங்குமிங்கும் நின்ற குழந்தைகளை விரல் நீட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார். அவர் முகம் வெளுத்தது.

"ஒரு உருப்படி குறையுது" என்றார்.

வண்டி போகிற போக்கில் ஏதோ ஒரு குழந்தை குதித்திருக்கிறது. அல்லது விழுந்திருக்கிறது. சின்னையா அப்படியே வாய்க்காலில் பாய்ந்தார். காதர் பாய் கரையோடு ஓடினார். ஒவ்வொரு தாயும் தன் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினாள். எல்லார் பிள்ளையும் இருந்தது. அப்படியானால் போனது யார் பிள்ளை? தெருப்பிள்ளை ஏதாவது ஏறியிருந்ததா? அண்ணி, "எல்லாப் புள்ளையும் இருக்குங்க, நீங்களே பாருங்களேன்" என்று கதறினார். அண்ணன் தாய்மாரை நம்பவில்லை, டிக்கெட்டைத்தான் நம்பினார். சின்னையா முங்கி முங்கி எழுந்தார். அவர் எழுகிற ஒவ்வொரு தடவையும் கையில் என்ன இருக்குமோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது அண்ணன் மெதுவாக என் பக்கம் வந்தார். என் சட்டைப் பைக்குள் கையை விட்டார். துளை போட்ட ஒரு டிக்கெட்டை வெளியே எடுத்தார். சட்டம் தவறக்கூடாதென்று, பையை மாட்டுவதற்கு முன்பு அவரே எனக்குக் கிழித்துக் கொடுத்தது.

"நீதான்டா அது" என்றார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அதுவரையில் உறுதியாக நின்றவர், அதன் பிறகு வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை. தண்ணீர்ச் சொம்பை அவர் வாயில் நான்தான் பிடித்தேன். சொம்பு பல்லில் பட்டுக் கடகடவென்று அடித்தது.

சின்னையா ஈரத்தோடு வந்து காலில் விழுந்தார். அண்ணன் அவரைத் திட்டவில்லை. "பக்தியில செஞ்சே. இரும்புக்கு நல்லதுதான் செஞ்சே. தண்டவாளத்துக்குத்தான் ஆகாது" என்றார். மறுநாள் செங்கல்பொடியும் சாம்பலும் கொண்டுவந்து தண்டவாளத்தை இருவரும் சேர்ந்து தேய்த்தார்கள். வண்டியைப் பழையபடி மேட்டில் ஏற்றிக் கட்டை கொடுத்தார்கள். வாய்க்கால் பக்கம் நான் கருங்கல்லில் சுவர் எழுப்பினேன். யானை முட்டினாலும் அசையாது, வந்து பாருங்கள்.

வள்ளிக்கு அன்று துளிப் பயமும் இல்லை. "பெரியப்பா, இன்னொரு தடவை" என்று கேட்டாள். இதை எழுதும்போதுகூடப் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறாள்.

போன வருஷம் அண்ணனுக்கு நெஞ்சில் நோய் கண்டது. மூச்சுவிடத் திணறினார். ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலைவிட்டு நான் நகரவில்லை. லாரி முதலாளி, ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிறவன், அவருடைய மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடையே நினைவு வந்தபோது, "மழை பேஞ்சுதே, மணல் காஞ்சிருக்கா?" என்று கேட்டார். காய்ந்திருக்கிறது என்றேன். நான் பார்க்கவில்லை. ஆனால் அண்ணி அதற்கு முந்தின வாரமே வறுத்துக் கொடுத்தனுப்பியிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது.

கடைசிக் காலையில் நான் அவர் கையைப் பிடித்திருந்தேன். பிடித்திருந்தால் போகமாட்டார் என்று ஒரு எண்ணம். அவர் முகத்தில் வேதனை. அண்ணி அந்தப் பக்கம் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, கையை விடுங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. அந்த வார்த்தை எனக்குப் பழக்கமானது. அன்றைக்குப் போலவே விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அண்ணனின் முகம் தெளிந்தது.

காவிரிக் கரையில், அவர் மணல் அள்ளிய படித்துறைக்குக் கொஞ்சம் தள்ளி, அஸ்தியைக் கரைத்தோம். நான் ஒரு துண்டு நிறைய மணலை அள்ளிக்கொண்டு வந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும் நர்ஸ் அம்மாக்களுக்கும் எங்கள் நன்றி. பித்தளை வார்த்துக் கொடுத்த காதர் பாய்க்கும், கடைசிவரை தோள்கொடுத்த சின்னையாவுக்கும், முசிறியிலிருந்தும் துறையூரிலிருந்தும் வந்து நின்ற சொந்தங்களுக்கும், பத்து வருஷம் வாணலி தேய மணல் வறுத்த அண்ணிக்கும் நாங்கள் காலமெல்லாம் கடன்பட்டவர்கள்.

திதி முடிந்து சாப்பாடு ஆனதும் எல்லாரும் ஷெட்டுக்கு வாருங்கள். குழந்தைகள் வண்டியில் ஏறலாம். வள்ளி டிக்கெட் கொடுப்பாள். மணல் பெட்டியை நேற்று நானே நிரப்பினேன், இன்று காலையும் கையை விட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது. ஒன்றே ஒன்று மட்டும் உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வடை பாயசம் சாப்பிட்ட கையை நன்றாகக் கழுவிவிட்டு வாருங்கள். எண்ணெய்க் கையோடு தண்டவாளத்துப் பக்கம் தயவுசெய்து யாரும் போகவேண்டாம்.